பதினோராவது குப்பி

சாவா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் லுகோவோ ஊருக்குச் சம்பந்தம் பேச வருகிறவர்கள் நிலத்தைப் பற்றி விசாரிக்க மாட்டார்கள், தொழுவத்தில் எத்தனை பன்றி என்று எட்டிப் பார்க்க மாட்டார்கள். "வீட்டுல கிட்னிக்காரங்க யாராவது உண்டா?" என்றுதான் கேட்பார்கள். கேட்டுவிட்டு நம் உள்ளங்கையைப் பார்ப்பார்கள். அந்த நோய் வந்தவர்களின் உள்ளங்கை செம்பு கலந்த மஞ்சளாகிவிடும். இந்த நோய் எட்டாத மேட்டு ஊர்க்காரர்கள் கை குலுக்குகிற சாக்கில் நம் கையை வெளிச்சத்துக்குத் திருப்புவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் கையாலேயே ஓர் அறை விடலாமா என்று எனக்கு இருக்கும்.

ஆனால் அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நாற்பது வயது வரைக்கும் ஒன்றும் தெரியாது. வலி கிடையாது, வீக்கம் கிடையாது. ஒரு நாள் மூட்டையைத் தூக்கியவன் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொள்வான். அப்புறம் ரத்தசோகை பிடிக்கும், சோறு கசக்கும், இரண்டு மூன்று வருடத்தில் கதை முடிந்துவிடும். ஒரு வீட்டில் அப்பா, அம்மா, பெரியப்பா என்று வரிசையாகப் போவார்கள். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டில் தொண்ணூறு வயதுக் கிழவர் ராக்கியாச் சாராயம் குடித்துவிட்டுப் பாடிக்கொண்டிருப்பார். ரத்தத்தில் வருவது என்றார்கள். அப்படியானால் வெளியூரிலிருந்து வாழ வந்த பெண்கள் ஏன் இருபது, முப்பது வருடத்தில் அதே மஞ்சளோடு போகிறார்கள்? கிணற்றுத் தண்ணீர் என்றார்கள், சோளத்தில் பிடிக்கும் பூஞ்சை என்றார்கள், சாவா ஆற்று மூடுபனி என்றார்கள். வாய் இருந்தவனெல்லாம் ஒரு காரணம் சொன்னான்.

யேலா அப்படி வாழ வந்தவள்தான். என் பெரியப்பா மகன் பாவோவைக் கட்டிக்கொண்டு, நாற்பத்தெட்டாம் வருடம், பதினெட்டு வயதில் வந்தாள். எனக்கு அண்ணி முறை. பாவோ நாற்பத்தொரு வயதில் மஞ்சளாகிச் செத்தான். கறுப்புத் துணியோடு மூலையில் உட்காருவாள் என்று ஊர் எதிர்பார்த்தது. அவளோ மகன் ஸ்திபானை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, டவுனுக்குப் போய் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டு வந்தாள். தலைநகர் ஸாக்ரெப்பிலிருந்து டாக்டர் நெவென்கா எங்கள் ஊரில் சிறுநீரக ஆராய்ச்சி தொடங்கியபோது வீடு வீடாகப் போக ஆள் வேண்டியிருந்தது. யேலாவை எடுத்துக்கொண்டார்கள். ஆராய்ச்சி ஜீப்புக்கு டிரைவர் வேண்டியிருந்தது. என்னை எடுத்துக்கொண்டார்கள்.

வேலை இதுதான். வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரலிலும் அக்டோபரிலும், முந்தின நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஆளுக்கு ஒன்றாகச் சின்னப் பழுப்புக் குப்பிகளை யேலா கொடுத்துவிடுவாள். விடியற்காலைச் சிறுநீரை அதில் பிடித்து வாசல் கம்பத்தின் மேல் வைக்க வேண்டும். பால்காரன் பாத்திரத்தை எடுப்பது போல நாங்கள் எடுத்துக்கொண்டு போவோம். குப்பியில் எண் மட்டும் இருக்கும். எந்த எண் யாருடையது என்பது யேலாவின் நோட்டில்தான் இருக்கும்; டாக்டருக்கே எண்தான் தெரியும். அந்த நோட்டைப் பார்க்க ஆசைப்படாத ஆள் சுற்று வட்டாரத்தில் இல்லை. கோழி கொண்டுவந்தவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு. கோழியைத் திருப்பிக் கொடுத்தாள். அழுதவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். நோட்டு மட்டும் மேலங்கிக்குள்ளேயே இருந்தது.

எழுபத்தெட்டாம் வருடம் செப்டம்பரில், மேட்டு ஊரிலிருந்து பார்த்தோல் என்பவர் வந்தார். அவருடைய ஒரே மகள் வெரோனாவுக்கும் எங்கள் ஸ்திபானுக்கும் ஏற்கெனவே ஒத்துப்போயிருந்தது. நானும் உடன் இருந்தேன். பார்த்தோல் மூன்றாவது கோப்பைக்குப் பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"பையன் தங்கம். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா அந்த நோட்டை ஒரே ஒரு தடவ காட்டுங்க."

"எங்க பாதிரியாருக்கே காட்டினதில்ல" என்றாள் யேலா.

"மத்தவங்க பக்கம் எனக்கெதுக்கு? உங்க வீட்டுப் பக்கம் மட்டும். உங்க வீட்டுக்காரரு எதுல போனாருன்னு எனக்குத் தெரியும். பையனுக்கு இல்லன்னு தெரிஞ்சா போதும்."

யேலா கொஞ்ச நேரம் மேஜைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். "அக்டோபர்ல டாக்டரம்மா வராங்க. அவங்க வாயால கேட்டுக்குங்க" என்றாள். பார்த்தோலுக்குத் திருப்தி. எனக்கும் திருப்தி. என்ன நேர்மை என்று அன்றைக்குப் பூரித்துப்போனேன்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. அதற்குப் பத்து நாளுக்கு முன்பே சமையலறையில் ஸ்திபானின் சிறுநீரை அவள் சோதித்துப் பார்த்திருந்தாள். சோதனை சுலபமானது. நாலு சொட்டு அமிலம் விட்டால் நல்ல சிறுநீர் தெளிவாகவே இருக்கும். சிறுநீரகம் கெடத் தொடங்கினவர்களுடையது கலங்கும். ஸ்திபானுடையது லேசாகக் கலங்கியிருந்தது. அவனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது.

அக்டோபரில் டாக்டர் நெவென்கா வந்தார். எங்கள் ஊர்த் தீயணைப்புக் கொட்டகைதான் எப்போதும் ஆராய்ச்சிக்கூடம். சிகரெட்டும் கோபமுமாக இருக்கும் பெண்மணி. ஆனால் கண்ணாடிக் குழாயைக் கையில் எடுத்தால் மூச்சுக்கூட மெதுவாகத்தான் விடுவார். அந்த முறை புதிதாகச் சர்க்கரைச் சோதனையும் சேர்த்திருந்தார். நீல மருந்தை ஊற்றிச் சூடாக்க வேண்டும். சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகும், இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டேன். ஒரு குழாய் சிவந்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

மதியத்துக்குள் பன்னிரண்டு குழாய்கள் ஒரே செங்கல் சிவப்பில் நின்றன. டாக்டர் அவற்றை வரிசையாக அடுக்கிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஆதாம், உங்க ஊர்ல நேத்து ராத்திரி கல்யாணமா?"

"இல்லையே டாக்டரம்மா."

"பின்ன எப்படிய்யா ஒரே நாள்ல பன்னெண்டு பேருக்கு சர்க்கரை வியாதி வந்துச்சு? அதுவும் பன்னெண்டும் ஒரே அளவுல? நிறம் ஒண்ணு, உப்பு ஒண்ணு, எல்லாம் ஒண்ணு. இது பன்னெண்டு பேரோடது இல்ல. ஒரே ஆளோடது."

நான் அடுப்பைக் கவனிப்பது போலக் குனிந்துகொண்டேன். ஏனென்றால் அந்தப் பன்னிரண்டில் ஒன்று நான் கொடுத்தது.

சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் அது எவ்வளவு காலமாக நடந்தது என்று எனக்குத் தெரியாது. பெண்ணுக்கு வரன் வரும் நேரம், பையனுக்கு மில்லில் வேலை கிடைக்கும் நேரம், குப்பியில் நம்முடையதைப் பிடிக்க யாருக்கும் தைரியம் வராது. தபால்காரன் ஃபாபியானிடம் போவோம். அவன் பரம்பரையில் யாருக்கும் இந்த நோய் வந்ததில்லை. யேலா வீட்டுக்கு அடுத்த வீடு, நல்ல மனசு, கேட்டவர்களுக்கு இல்லையென்று சொல்ல மாட்டான். ஒவ்வொருவரும் தான் ஒருவன்தான் அவனிடம் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நான் அந்த வருடம் என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி ஜீப்பை ஓட்டுகிறவனே ஆராய்ச்சிக்கு இரவல் மூத்திரம் கொடுத்தவன்.

ஃபாபியானைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். டாக்டர் கேட்டதும் அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"யார் யாருக்குக் குடுத்தீங்க?"

"அது சொல்ல முடியாதுங்க. தபால்காரன் நானு. ஒருத்தர் கடுதாசிய இன்னொருத்தர்கிட்ட குடுக்க முடியுமா?"

"பன்னெண்டு குப்பி நிறைய உங்களால எப்படிங்க முடிஞ்சது?"

"அதாங்க எனக்கும் ஆச்சரியம்" என்றான் ஃபாபியான், கொஞ்சம் பெருமையாகவே. "இப்பல்லாம் எவ்வளவு தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்கல. அடிக்கடி போறேன். இந்த வருஷம் யாருக்கும் குறைய வைக்கல."

டாக்டர் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து முடித்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. ஃபாபியானுக்குச் சர்க்கரை வியாதி; உடனே டவுன் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். அவன் போன பிறகு யேலாவிடம் திரும்பினார்.

"ஒண்ணு அவருது. மத்த பதினொண்ணு பொய். இந்தப் பதினோரு வீட்டுலயும் நம்ம நோட்டுல நோய் இல்லன்னு எழுதியிருக்கோம். இன்னும் பத்து வருஷத்துல அவங்க சாவாங்க, நாம நோய் இல்லாத வீட்டுல எப்படிச் செத்தாங்கன்னு முட்டிக்கிட்டு நிப்போம். எண்ணெல்லாம் உங்க நோட்டுல இருக்கு. போய் கண்ணு முன்னாடி திரும்ப வாங்கிட்டு வாங்க. முடியலன்னா லுகோவோவை ஆராய்ச்சியிலேர்ந்து எடுத்துடறேன். பொய்ய வெச்சுக்கிட்டு எனக்கு ஆராய்ச்சி பண்ணத் தெரியாது."

யேலா நோட்டோடு கிளம்பினாள். பத்து வீட்டுக்கும் போனாள், என் வீடு உட்பட. பத்து வீட்டிலும் ஒரே பதில்: "மத்தவங்க மாத்தியிருப்பாங்க. நாங்க கொடுத்தது எங்களுடையது." நானும் அதையேதான் சொன்னேன், அவள் முகத்துக்கு நேராக. அவள் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. அது எனக்கு அப்போது விநோதமாக இருந்தது.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து ஊரே கோயில் வாசலில் நின்றது. ஆண்கள் சிகரெட் பற்ற வைத்துக்கொண்டிருந்தார்கள். சொன்னபடி பார்த்தோலும் வெரோனாவோடு வந்திருந்தார், டாக்டர் வாயால் கேட்டுக்கொண்டு போக. டாக்டர் ஜீப்பில் பெட்டிகளை ஏற்றச் சொல்லிவிட்டார். நான் ஒரு பெட்டியைத் தூக்கியபோது யேலா கோயில் படியில் ஏறி நின்றாள். அவள் குரல் பெரிய குரல் இல்லை. ஆனாலும் அந்தக் கூட்டத்தில் எல்லோருக்கும் கேட்டது.

"ஃபாபியான்கிட்ட பதினோரு பேரு இரவல் வாங்கியிருக்காங்க. பத்து பேரு யாருன்னு நான் சொல்ல மாட்டேன். பதினோராவது ஆள் நான். ஸ்திபான் கொடுத்த குப்பியக் கொட்டிட்டு, ஃபாபியானோடத ஊத்தி வெச்சேன். ஸ்திபானுக்கு இது தெரியாது. வீட்டுல நான் சோதிச்சுப் பாத்தப்ப அவனுது கலங்குச்சு. எனக்குப் பயமாயிடுச்சு."

ஸ்திபான் கூட்டத்தின் நடுவில் நின்றிருந்தான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. அவன் நேராக என்னிடம் வந்து, பெட்டியிலிருந்து ஒரு வெறும் குப்பியை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனான். திரும்பி வந்து, அத்தனை பேர் முன்னால் அதை டாக்டர் கையில் கொடுத்தான்.

டாக்டர் ஜீப்பின் முன்பக்கத்திலேயே வைத்துச் சோதித்தார். நாலு சொட்டு. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். தெளிந்த தண்ணீருக்குள் எங்கிருந்தோ ஒரு வெண்மை வந்து மெதுவாகச் சுற்றிப் பரவியது. அத்தனை வருடம் ஆயிரம் குப்பிகளைத் தூக்கியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என்னவென்று உறைத்தது. ஒரு மனிதன் உள்ளுக்குள் கசிந்து போய்க்கொண்டிருக்கிறான், அவனுக்கே தெரியவில்லை, ஒரு சொட்டு அமிலத்துக்குத் தெரிகிறது.

"வா, போகலாம்" என்று பார்த்தோல் மகளின் கையைப் பிடித்தார்.

வெரோனா நகரவில்லை. "அப்பா, இந்த ஊர்ல இன்னிக்கு உண்மை பேசினது ஒரே ஒரு வீடு. அந்த வீட்டை விட்டுட்டு வேற எங்க எனக்கு மாப்பிள்ளை பாக்கப் போறீங்க?"

அந்தப் பெண்ணுக்கு வயது இருபத்திரண்டு. எனக்கு நாற்பத்திரண்டு. நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தூக்கினேன். "நானும் வாங்கினேன்" என்றேன். எனக்குப் பிறகு தச்சன் வீட்டுக்காரி. பிறகு இரண்டு சகோதரர்கள். மத்தியானத்துக்குள் பத்து குப்பியும் வந்து சேர்ந்தது. அதில் நாலு கலங்கியது. என்னுடையது கலங்கவில்லை. அந்த நோய் ஏன் எனக்கு இரக்கம் காட்டியது என்று இன்றுவரை எந்த டாக்டருக்கும் தெரியவில்லை.

அன்று சாப்பாட்டின்போதுதான் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஏன் எல்லாரும் ஃபாபியான்கிட்டயே போனீங்க?"

"அவங்க வீட்டுக்கு இது வராதுங்க. ஊருக்கே தெரியும்" என்றேன்.

"வேற யார் வீட்டுக்கெல்லாம் வராது?"

யோசித்துப் பார்த்துச் சொன்னோம். பள்ளிக்கூட வாத்தியார். ஸ்டேஷன் மாஸ்டர். பாதிரியார்கள் யாருக்கும் வந்ததில்லை. டாக்டர் கரண்டியை வைத்துவிட்டார். "பதிமூணு வருஷமா நோயாளிங்க பின்னாடியே ஓடினேன். நல்லா இருக்கறவன் யாருன்னு உங்களுக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, அவன்கிட்ட இரவல் வாங்கற அளவுக்கு. நான் ஒரு நாளும் கேக்கல. இவங்களுக்குள்ள என்ன பொது? தண்ணியா?"

"ஃபாபியானும் நாங்களும் ஒரே கிணறு" என்றாள் யேலா. பிறகு கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள்: "இவங்க யாருக்கும் நிலம் இல்ல. அதனால கோதுமை இல்ல. இவங்க வீட்டுல மட்டுந்தான் டவுன் கடை ரொட்டி."

எங்கள் ஊரில் கடை ரொட்டி வாங்குகிறவள் சோம்பேறி. சொந்த நிலத்துக் கோதுமை, ஊர் மில்லில் அரைத்த மாவு, வாரம் ஒரு முறை வீட்டு அடுப்பில் சுட்ட பெரிய ரொட்டி. ஒரு துண்டு கீழே விழுந்தால் எடுத்து முத்தமிட்டுத்தான் மேஜையில் வைப்போம். அந்த ரொட்டியைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? டாக்டருக்கே நிச்சயமில்லை. "இது வெறும் ஊகம். நிலம் இல்லாதவங்ககிட்ட வேற நூறு வித்தியாசம் இருக்கும். ஆனா முடிஞ்சவங்க ரொட்டிய மாத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஊர் கேட்டுக்கொண்டது, வழக்கம் போல மாவு பிசைந்தது.

யேலா மட்டும் மாற்றினாள். ஸ்திபானுக்கும் வெரோனாவுக்கும் ஜனவரியில் கல்யாணம் ஆனது. டாக்டர் சொன்ன வாரத்திலிருந்தே அந்த வீட்டு மேஜையில் டவுன் ரொட்டி. நிலம் முழுக்கச் சோளம் போடச் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு மட்டும் கோதுமை. அந்தத் துண்டுக் கோதுமையில் தனக்கென்று ஒரு சின்ன ரொட்டி சுட்டுக்கொண்டாள். கேட்டால், "கடை ரொட்டி எனக்கு வாயில பஞ்சு மாதிரி ஊறுது, நெஞ்சுல அடைக்குது" என்பாள்.

வெரோனாவுக்கு அது பொறுக்கவில்லை. என் மனைவியிடம் வந்து கொட்டுவாள். "எங்களுக்குப் பஞ்சு, மாமியாருக்கு ரொட்டி. நான் ஒரு துண்டு கேட்டா கையத் தட்டி விடறாங்க, சின்னம்மா. சுட்ட மணம் வீடு முழுக்க. பிள்ளை அழுவுறா, அவளுக்கும் இல்லை." ஊரும் சிரித்தது. ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் தான் மட்டும் நல்ல ரொட்டியை மூக்குப் பிடிக்கத் தின்கிறாள் என்றார்கள். நானும் ஜீப்பில் வைத்துக் குத்திக் காட்டியிருக்கிறேன். "அண்ணி, ஒரு துண்டு எனக்கும் ஒளிச்சு வெச்சிருக்கலாம்ல?" "உனக்கெதுக்குடா அது, உன் வாய்க்குப் பஞ்சுதான் சரி" என்பாள்.

டாக்டருக்கு இந்த வீட்டுச் சண்டையெல்லாம் தெரியாது. யேலா வீட்டில் கடை ரொட்டி என்றுதான் அவர் எழுதி வைத்திருந்தார்.

எண்பத்தைந்தாம் வருடம் ஏப்ரலில் யேலாவின் குப்பி கலங்கியது. அக்டோபரில் இன்னும் அதிகமாகக் கலங்கியது. அதற்குள் நானே அவள் உள்ளங்கையைப் பார்த்துவிட்டிருந்தேன். சாப்பிடும்போது, கியர் பக்கத்தில் நோட்டை வைக்கும்போது, பார்க்காமல் இருக்க முயன்றும் பார்த்தேன்.

கொட்டகையில் அன்று நாங்கள் மூன்று பேர்தான். டாக்டர் தன் காகிதங்களை ஒன்றாகச் சேர்த்து மடித்தார்.

"யேலா, உங்களுக்கு வந்தது எனக்கு எவ்வளவு வருத்தம்னு சொல்லத் தெரியல. இன்னொண்ணையும் சொல்லிடறேன். ரொட்டின்னு நினைச்சது தப்பு. ஏழு வருஷம் முன்னாடி கடை ரொட்டிக்கு மாறின வீடு உங்களுது ஒண்ணுதான். அங்கயே வந்துடுச்சு. அடுத்த மாசம் கூட்டத்துல ரொட்டிய விட்டுட்டுத் தண்ணிக்கே போகலாம்னு சொல்லப் போறேன்."

யேலா மேலங்கிக்குள் கைவிட்டு நோட்டை எடுத்தாள். கடைசிப் பக்கத்தைத் திறந்து டாக்டர் முன்னால் வைத்தாள்.

"தண்ணிக்குப் போகாதீங்க டாக்டரம்மா. இதப் பாருங்க."

நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் ஸ்திபான். வலப்பக்கம் யேலா. தலைப்பில் ஸ்திபானுக்கு நேரே 'கடை ரொட்டி', தனக்கு நேரே 'வீட்டு ரொட்டி'. எழுபத்தெட்டு அக்டோபரிலிருந்து மாதம் ஒன்று, விடாமல். ஸ்திபானின் வரிசை முதலில் லேசான கலங்கலில் தொடங்கி, அப்படியே நின்று, மூன்றாம் வருடத்திலிருந்து தெளிவு, தெளிவு, தெளிவு. அவளுடையது தெளிவில் தொடங்கியது. கடைசிப் பத்து மாதம் கலங்கல், அதன்பின் இன்னும் கலங்கல்.

"ஒரே கிணறு, ஒரே அடுப்பு, ஒரே சூப்பு" என்றாள். "ரொட்டி மட்டுந்தான் வேற வேற."

டாக்டர் எழுந்துவிட்டார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "நீங்க தெரிஞ்சே தின்னீங்களா? ஏழு வருஷம்? எந்த ஆராய்ச்சியிலயும் இதை அனுமதிக்க மாட்டாங்க! நானே விட்டிருக்க மாட்டேன்!"

"தெரியும். அதான் உங்ககிட்ட கேக்கல."

"ஒருத்தரை வெச்சு எதையும் நிரூபிக்க முடியாது யேலா! அதுக்கு முன்னாடி முப்பது வருஷம் தின்னதுல வந்திருக்கலாம். ஸ்திபானுக்குத் தானாவே நின்னிருக்கலாம்."

"இருக்கலாம். ஆனா தண்ணிக்குப் போறதுக்கு முன்னாடி என் வீட்டுக் கோதுமைய ஒரு தடவ சலிச்சுப் பாப்பீங்கல்ல?"

டாக்டர் மேஜையைச் சுற்றி வந்து அவள் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார். ஸாக்ரெப் பெரிய ஆஸ்பத்திரியில் எல்லோரும் நடுங்குகிற பெண்மணி. யேலாவின் இரண்டு மஞ்சள் கைகளையும் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். நான் வெளியே போய்விட்டேன். நான் போர் பார்த்தவன், வெள்ளம் பார்த்தவன். ஒரு மனுஷி இப்படி இருக்க முடியும் என்று நினைத்துப் பார்க்க அன்றைக்கு எனக்குப் பயமாகவே இருந்தது.

அன்றே கோதுமையைச் சலித்தோம். பொன்னிறத்துக்கு நடுவில் தட்டையாக, முக்கோணமாக, கறுத்த விதைகள் அங்கங்கே கிடந்தன. பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது. ஓநாய் அடி என்று நாங்கள் சொல்லும் களை. மஞ்சள் பூப் பூக்கும், மாடு வாய் வைக்காது. கோதுமையோடு சேர்ந்தே முற்றும், சேர்ந்தே அறுபடும், சேர்ந்தே அரைபடும். டவுன் ரொட்டிக் கடையில்தான் சுத்தம் செய்து அரைத்த மாவு. பிறந்ததிலிருந்து அதை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். இத்தனை சாவும் இந்த விதைக்குள்ளா இருந்தது என்று கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இருபது வருடத்துக்கும் மேல் கழித்து, பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து, இந்த நோயில் போனவர்களின் சிறுநீரகத்தில் அந்தக் களையின் விஷம் விட்டுப்போன தழும்பைக் கண்டுபிடித்தார்கள். ரொம்ப காலம் முன்பே அந்த விதையைச் சந்தேகப்பட்டவர் ஒருவர் இருந்தாராம். யாரும் காது கொடுக்கவில்லையாம். எங்கள் ஊர் நோட்டைப் பற்றி அந்தக் கட்டுரைகளில் ஒரு வரியும் கிடையாது. எனக்கு அதில் ஆத்திரம் உண்டு. யேலா இருந்திருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பாள்.

ஸ்திபானிடம் அன்று மாலை நான்தான் சொன்னேன். அவன் அம்மாவின் முன்னால் போய் நின்றான்.

"அந்தத் துண்டை உழுதது நானும்மா. விதைச்சது நான். வருஷா வருஷம் உனக்குப் பிடிச்ச ரொட்டிக்குன்னு நான் விதைச்சேன்!"

"ஆமா. நல்லா விளைஞ்சுது."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா என் தட்டைப் பிடுங்கியிருப்ப."

வெரோனா அடுப்பிலிருந்த மிச்ச ரொட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், கல்லால் குத்தித் தூளாக்கி மண்ணில் புதைத்தாள். எங்கள் ஊரில் யாரும் ரொட்டியை அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. அடுத்த வருடம் ஊரில் பாதி வீடு கடை ரொட்டிக்கு மாறியது. மீதிப் பாதி கோதுமையைச் சலித்துக் களை விதையைப் பொறுக்கக் கற்றுக்கொண்டது.

யேலா நாலு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் டவுனில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டாள். நான்தான் ஜீப்பில் கூட்டிப் போவேன். எண்பத்தொன்பதாம் வருடம் இலையுதிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். ஐம்பத்தொன்பது வயது.

இப்போது ஸ்திபானுக்கு எழுபது தாண்டிவிட்டது. பேரன் பேத்தி எடுத்துவிட்டான். ஆராய்ச்சி எப்போதோ முடிந்துவிட்டது, குப்பி வாங்க யாரும் வருவதில்லை. போன மாதம் அவன் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேஜையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, குழாயில் நாலு சொட்டு விட்டு, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அந்த நோட்டின் இடப்பக்கத்தில் 'தெளிவு' என்று எழுதினான். வலப்பக்கம் முப்பது வருடத்துக்கும் மேலாகக் காலியாக இருந்தது.

"இன்னும் எதுக்குடா இது?" என்று கேட்டேன். "என்னன்னு உலகத்துக்கே தெரிஞ்சு போச்சு."

அவன் மை காயட்டும் என்று நோட்டைத் திறந்தே வைத்தான்.

"அம்மாவுக்கு எதிர்ப் பக்கத்துல நின்ன ஆள் நான், சித்தப்பா. நான் பாதியில நிறுத்தினா, அவ தின்னது வீணாப் போயிடும்."